அதுக்கெல்லாம் அங்க ஆள் இல்லையா?

முதல்லயே சொல்லிடறேன். இது கக்கூஸ் பத்தின பதிவு. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க சாப்பிட்டு முடிச்சு கை கழுவிட்டு வாங்க. நான் எங்கேயும் போகல.

நியூசிலாந்து தெற்குத் தீவுல கேம்பர்வேன் எடுத்து ஊர் சுத்தினவங்க எழுதறது எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். டீகாப்போ ஏரி, அதோட கரையில 1935ல கட்டின குட்டிக் கல் சர்ச், சுத்திலும் ஊதாவும் ரோஸுமா லூபின் பூ, பின்னாடி பனிமலை. நானும் அதே இடத்துல நின்னு அதே போட்டோவை எடுத்திருக்கேன், அதே அசட்டுச் சிரிப்போட. அதை எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. ஆனா வேனோட பக்கவாட்டுல, கீழே, ஒரு சின்னக் கதவுக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கு பாருங்க, அதைப் பத்தி மட்டும் யாரும் மூச்சு விடறதில்லை.

என் கருத்து இதுதான். கேம்பர்வேன்ல போற ஒவ்வொருத்தரும் அந்தப் பெட்டியை ஒரு தடவையாவது தன் கையால தூக்கிட்டுப் போய் காலி பண்ணணும். காசு குடுத்து இன்னொருத்தர் தலையில கட்டக்கூடாது. "நாங்க அதை யூஸே பண்ண மாட்டோம்"னு பூட்டியும் வைக்கக்கூடாது. நம்ம ஊர்ல இருந்து படிக்க வந்த பிள்ளைங்களுக்கு இது ரொம்பவே அவசியம். ஏன்னு சொல்றேன்.

*

கதைச் சுருக்கம். நான் படிக்கிறது டனீடன்ல. 1869ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகம், நாட்டுலயே பழசு. நவம்பர்ல பரீட்சை முடிஞ்சதும் ஆறு பேர் சேர்ந்து ஒரு ஆறு பேர் படுக்கிற வேனை வாடகைக்கு எடுத்தோம். நாலு பசங்க, ரெண்டு பொண்ணுங்க. அஞ்சு பேர் தமிழ்நாடு, ஒருத்தி மலேசியாவுல ஈப்போ. டனீடன்ல இருந்து கடலோரமா ஓமாரு, அங்கேருந்து வைட்டாகி ஆத்துப் பள்ளத்தாக்குல அணை அணையா பார்த்துக்கிட்டே ஓமரமா, ட்வைசல், மவுண்ட் குக், டீகாப்போ. திரும்பி வரும்போது 971 மீட்டர் உயரத்துல இருக்கிற லிண்டிஸ் கணவாய் ஏறி வனாகா. மொத்தம் அஞ்சு ராத்திரி.

வேனைக் குடுக்கும்போது கம்பெனிக்காரர் அரை மணி நேரம் பாடம் எடுத்தார். கேஸ் எங்க, தண்ணி எங்க, படுக்கை எப்படி விரிக்கிறதுன்னு எல்லாம் சொல்லிட்டு கடைசியா அந்தச் சின்னக் கதவைத் திறந்து, "இதுதான் கேசட்"ன்னார்.

கேசட்னதும் எனக்கு ஞாபகம் வந்தது மாமா வீட்டு அலமாரியில அடுக்கி வச்சிருந்த இளையராஜாதான். ஏ சைடு, பி சைடு, பென்சில் விட்டுச் சுத்தறது... இது வேற கேசட். கேம்பர்வேன் டாய்லெட்டுக்கு நேர் கீழே சொருகி வச்சிருக்கிற தொட்டி. பதினெட்டு, இருபது லிட்டர் பிடிக்கும். கைப்பிடி இருக்கும், சூட்கேஸ் மாதிரி சக்கரம்கூட இருக்கும். உள்ளே நீலக் கலர்ல ஒரு மருந்து ஊத்தி வைக்கணும், நாத்தம் அடங்கறதுக்கு. நிறைஞ்சா சின்னதா ஒரு விளக்கு எரியும். உடனே வெளியே உருவி, டம்ப் ஸ்டேஷன்னு போர்டு போட்ட இடத்துக்கு உருட்டிட்டுப் போய், மூடியைத் திறந்து குழியில ஊத்தி, கழுவி, மருந்து விட்டு, திரும்ப சொருகணும். வேலை அவ்வளவுதான். பழகினா அஞ்சு நிமிஷம்.

ஆறு பேர் இருக்கிற வேன்ல, அதுவும் பேப்பரோட நிறுத்தாம தண்ணியும் ஊத்திக் கழுவுற பரம்பரையில வந்த ஆறு பேர் இருக்கிற வேன்ல, அது ஒன்றரை நாள்ல நிறைஞ்சிடும். கணக்கு போட்டுக்கோங்க.

*

இந்தப் பெட்டி எதுக்கு? இங்க காசு குடுத்து முகாம்ல தங்காம ஏரிக்கரை, ஆத்தோரம்னு வண்டியை நிறுத்தித் தூங்கறதுக்கு 'ஃப்ரீடம் கேம்பிங்'னு பேரு. ஒரு காலத்துல இஷ்டத்துக்கு நடந்துக்கிட்டிருந்தது. வண்டிங்க கூடக்கூட, புதர் பின்னாடி போறவங்களும் கூடினாங்க. காலையில நாயைக் கூட்டிட்டு நடக்கப் போற உள்ளூர்க்காரர் காலடியில பேப்பரும் மத்ததும். யாருக்குத்தான் கோபம் வராது?

2011ல இங்க ரக்பி உலகக் கோப்பை நடந்தது. ஊரெல்லாம் வேன் வரப்போகுதுன்னு அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஃப்ரீடம் கேம்பிங் சட்டத்தைக் கொண்டுவந்தாங்க. 2023ல இன்னும் இறுக்கி ஒரு சட்டம். பெரும்பாலான இடங்கள்ல ராத்திரி நிறுத்தணும்னா வண்டி 'தன்னிறைவு'ச் சான்றிதழ் வாங்கியிருக்கணும். கையில தூக்கிட்டுப் போற பிளாஸ்டிக் டாய்லெட்டை மூலையில வச்சுட்டு "இருக்கு சார்"னு கணக்குக் காட்டறது இனி செல்லாது. வண்டியோட பிடிச்சு மாட்டின டாய்லெட் இருக்கணும். படுக்கையை விரிச்சு வச்சிருந்தாலும் உள்ளேயே போய் உட்கார முடியணும். ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர்னு மூணு நாளைக்குத் தண்ணி இருக்கணும். எங்க ஆறு பேருக்கு எழுபத்திரெண்டு லிட்டர். இந்தச் சான்றிதழ் விவகாரத்தை எல்லாம் மேல் பார்வை பார்க்கிறது யார் தெரியுமா? பிளம்பர்கள், கேஸ் ஃபிட்டர்கள், சாக்கடைக் குழாய் போடறவங்களுக்கான வாரியம்! சான்றிதழ் இல்லாத வண்டியைக் கூடாத இடத்துல போட்டுத் தூங்கினா 400 டாலர் அபராதம்.

சரி. சட்டம் வண்டியில டாய்லெட் வைன்னு சொல்லலாம். நீ அதுல போய்த்தான் ஆகணும்னு சொல்ல முடியுமா? அங்கதான் நம்ம ஆளுங்க மூளை வேலை செய்யும்.

வேன் எடுத்துப் போய்ட்டு வந்த நம்ம ஊர் கோஷ்டிகள் நாலஞ்சை விசாரிச்சுப் பார்த்தேன். பெரும்பாலும் ரெண்டு வழிதான்.

முதல் வழி, 'ஷோ பீஸ்' வழி. வண்டி எடுத்த நிமிஷமே தீர்மானம் போட்டுடுவாங்க: டாய்லெட் கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே பெட்டியும் அரிசி மூட்டையும் வச்சிடுவாங்க. பெட்ரோல் பங்க், சூப்பர் மார்க்கெட், பொதுக் கழிப்பறைன்னு தேடித் தேடிப் போவாங்க. பகல்ல சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏரிக்கரையில, அடுத்த கழிப்பறை முப்பது கிலோமீட்டர்னா? இருட்டுல டார்ச்சை எடுத்துக்கிட்டு... புரிஞ்சிருக்கும். சான்றிதழ் ஒட்டின வண்டி, உள்ளே புத்தம் புது டாய்லெட், வெளியே புதர்! தண்ணி மிச்சம் பிடிக்கிறோம், வாடகை மிச்சம் பிடிக்கிறோம்னா புரியுது. இதுல என்னத்தை மிச்சம் பிடிக்கிறாங்க?

பனிப்பாறை மலையை அரைச்சு அரைச்சு மாவாக்கி விட்டதுனாலதான் புகாகி ஏரித் தண்ணி அந்த நீலத்துல இருக்கு. மனுஷக் கழிவு தண்ணியில கலக்கிறதை மவோரி மக்கள் பெரிய அவமதிப்பா நினைக்கிறாங்க. தண்ணிக்கு 'மௌரி'ன்னு ஒரு உயிர்ச்சக்தி இருக்கு, அதைக் கெடுக்கக் கூடாதுங்கறது அவங்க நம்பிக்கை. கங்கையில முங்கி எந்திரிக்கிற நமக்கு இதை யாரும் தனியா விளக்க வேண்டியதில்லை. அந்த ஏரியை போட்டோ எடுத்து "சொர்க்கம்"னு போட்டுட்டு அதோட கரையிலேயே போய்ட்டு வர்றது அநியாயம்ங்க. அடுத்த வருஷம் அந்த இடத்துல 'கேம்பிங் தடை'ன்னு போர்டு வந்தா அதுக்குக் காரணம் சட்டம் போட்டவங்க கிடையாது.

*

ரெண்டாவது வழிதான் எனக்கு முக்கியம். 'ஆள் போடற' வழி.

குழுவுல ஒருத்தர் எப்படியோ மாட்டிக்குவார். யாரும் உத்தரவு போட மாட்டாங்க. சமையலுக்கு நான், டிரைவிங்குக்கு நான், கணக்குக்கு நான்னு ஒவ்வொருத்தரா கை தூக்குவாங்க. கடைசியா மிஞ்சறவர் தலையில கேசட். மிஞ்சறவர் யாருன்னு பார்த்தா பெரும்பாலும் ஜூனியர், இல்லைன்னா அதிகம் பேசாதவர், இல்லைன்னா பங்குக் காசை ரெண்டு தவணையில தர்றேன்னு சொன்னவர்.

இப்படி ஆகக்கூடாதுன்னு நாங்க கிளம்பறதுக்கு முன்னாடியே சீட்டுக் குலுக்கி வரிசை போட்டோம். முதல் சீட்டு ஈப்போக்காரிக்கு. ஓமாருல காலையில அவ பாட்டுப் பாடிக்கிட்டே முடிச்சுட்டு வந்தா. அன்னிக்கு மத்தியானம் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தவளைப் பார்த்து ஒருத்தன், "தாயே, இன்னிக்கு ஒரு நாள் நீ சமையல் பக்கம் வராதே"ன்னான். எல்லாரும் சிரிச்சோம். அவ சிரிக்கல. "ஏன்லா, நீ காலையில போய்ட்டு கை கழுவிட்டுத்தானே இட்லி சாப்பிடற? அது உன் கை, இது என் கை. சோப்பு ஒரே சோப்புதானே?"ன்னா. கத்தி அவ கையில இருந்ததால மேல யாரும் வாதம் பண்ணல :-)

அடுத்த நாள் சாயங்காலம் ட்வைசல். சீட்டு விழுந்தவனை 'தல'ன்னு வச்சுக்குவோம். கெட்டவன் கிடையாது. டீசல் போடும்போது முதல்ல கார்டை நீட்டறவன் அவன்தான். டம்ப் ஸ்டேஷன்ல வண்டியை நிறுத்தினதும் இறங்கினான், சின்னக் கதவைப் பார்த்தான், திரும்பி எங்கள்ல ஒருத்தன்கிட்ட, "மச்சி, அம்பது டாலர் தர்றேன், என் டர்னை நீ எடுத்துக்கோயேன். நீ வீக்கெண்ட்ல மோட்டல்ல இதைத்தானே பண்றே?"ன்னான்.

அந்த நண்பன் உடனே ஒண்ணும் சொல்லல. அப்புறம் ரொம்ப சாதாரணமா, நேரம் என்னன்னு சொல்ற மாதிரி சொன்னான்: "எங்க பாட்டி எடுப்புக் கக்கூஸ் வேலைதான்டா பாத்துச்சு. காலையில வீடு வீடா. எங்கப்பா முனிசிபாலிட்டியில துப்புரவு. மோட்டல்ல நான் பாக்கறது எனக்குச் சம்பளம், அதுல ஒண்ணும் கேவலமில்ல. ஆனா நானும் உன் மாதிரி காசு போட்டுத்தான் இந்த வேன்ல வந்திருக்கேன். உன்னோடதை நீ எடு."

அவ்வளவுதான். அஞ்சு பேரும் வேற வேற பக்கம் பார்த்தோம். தல கையுறையை மாட்டிக்கிட்டுப் போனான். ஊத்தினான், கழுவினான், வந்தான். ராத்திரி சாப்பிடும்போது அந்த நண்பன் தட்டுல முதல்ல முட்டையை வச்சதும் தலதான்.

(அந்த நண்பன்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். "பேர் போடாதே, பாட்டியைப் பத்தி எழுது"ன்னான்.)

ரெண்டு நாள் கழிச்சு வனாகாவுல நான் தலகிட்ட கேட்டேன். "ஏன்டா, நாங்க அஞ்சு பேர் இருந்தோமே. என்கிட்ட கேக்கல, அவகிட்ட கேக்கல. அவன்கிட்ட மட்டும் ஏன் கேட்டே?" ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "தெரியலடா. தோணிச்சு"ன்னான்.

அவன் பொய் சொல்லல. அந்த நண்பன் என்ன சாதின்னு அவனுக்குத் தெரியாது, எங்க யாருக்குமே அதுவரை தெரியாது. ஆனாலும் அந்தக் கேள்வி சரியா அவன்கிட்டதான் போய் நின்னுது. அமைதியானவன், காசு குறைச்சலா இருக்கிறவன், ஏற்கனவே கழுவுற வேலை பார்க்கிறவன். இந்த அடையாளங்களை வச்சே ஆளைக் கண்டுபிடிக்கிற பழக்கம் நமக்குள்ள எங்கேயோ ஓடிக்கிட்டிருக்கு. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தும் அது ஜெட்லாக் இல்லாம வேலை செய்யுது.

*

இதுக்கு எதிர்வாதம் இருக்கு. கேட்டிருக்கேன், லேசா ஒதுக்கவும் முடியாது.

"வேலைப் பங்கீடுதானே? ஒருத்தர் சமைக்கிறார், ஒருத்தர் ஓட்டறார், ஒருத்தர் இதைப் பார்க்கட்டுமே. இதுல போய் சாதியை ஏன் இழுக்கறே?" நியாயமான கேள்வி. என் பதில்: பங்கீடுன்னா மாத்திக்க முடியணும். சமைக்கிறவருக்கு முடியலைன்னா நான் சமைப்பேன். அதே அம்பது டாலரை அந்த நண்பன் நீட்டி "தல, என் டர்னை நீ எடுத்துக்கோ"ன்னு கேட்டிருந்தா தல எடுத்திருப்பானா? எடுத்திருப்பான்னா அது பங்கீடு. ஒரு பக்கமா மட்டும் போற காசுன்னா அதுக்கு வேற பேரு. இன்னொரு சோதனையும் இருக்கு. சமைச்சவரைப் பாராட்டறோம், ஓட்டினவர் தோளைப் பிடிச்சு விடறோம். கேசட் எடுத்தவரைப் பார்த்து மட்டும் "சமையல் பக்கம் வராதே"ங்கறோம். அது என்ன பங்கீடு?

"இந்த நாட்டுலயும் இந்த வேலைக்கு ஆள் வச்சுத்தானே செய்யறாங்க?" ஆமா. செப்டிக் டேங்க் எடுக்க லாரி வரும், குழாய் வரும், கையுறை, பூட்ஸ் போட்ட ஆள் வருவார். அதுக்காக இது சொர்க்கம்னு சொல்ல வரல. இங்கயும் ராத்திரி ஆஃபீஸ் கழுவறதுல, மோட்டல் ரூம் துடைக்கிறதுல நம்மள மாதிரி வெளிநாட்டுல இருந்து வந்தவங்க நிறையப் பேர். எத்தனை பேர் வீட்டுக்கு போன் பண்ணி "ஹோட்டல்ல பார்ட் டைம்மா"ன்னு அதோட நிறுத்திக்கறோம்? டாலர் குடுத்தா யாரோ முன்பின் தெரியாதவங்க கக்கூஸைக் கழுவுவோம். நம்மளோட சொந்தக் கேசட்டுன்னதும் அம்பது டாலர் நீட்டுவோம். அந்த வேலையில நமக்கு நிஜமா அருவருப்புன்னா முதல்லயே இருந்திருக்கணும். சம்பளத்துக்குச் செஞ்சா வேலை, தன்னோடதைத் தானே செஞ்சா கேவலம்ங்கற இந்தக் கணக்குதான் எனக்குப் புரியல.

ஊருக்கு வந்ததும் அம்மாகிட்ட போன்ல ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொன்னேன். ஏரி, மலை, பூ எல்லாத்துக்கும் "அப்படியா, அப்படியா"ன்னு கேட்டுக்கிட்டிருந்தவங்க, கேசட்டுன்னதும், "நீ எதுக்குடா அதெல்லாம் தொட்டே? அதுக்கெல்லாம் அங்க ஆள் இல்லையா?"ன்னாங்க.

இந்த ஒரு வாக்கியத்துல நம்ம ஊரே இருக்கு. 'ஆள்'. பேர் கிடையாது, வயசு கிடையாது. எங்க தாத்தா வீட்டுக்குப் பின்னாடி ஒரு குறுகலான சந்து இருந்தது. அந்தச் சந்து வழியாத்தான் 'ஆள்' வரணும், முன்வாசல் பக்கம் வரக்கூடாது. வருஷக்கணக்கா வந்த அந்த அம்மாவோட பேரை இப்போ வீட்டுல யாரைக் கேட்டாலும் தெரியல. நண்பனோட பாட்டியும் எதோ ஒரு ஊர்ல, எதோ ஒரு சந்துல, யாரோ ஒருத்தர் வீட்டுக்கு 'ஆள்'தான். நான் இருபது கிலோ பெட்டியைச் சக்கரத்துல உருட்டினேன். அவங்க கூடையில எடுத்துத் தலையில வச்சிருக்காங்க.

*

காந்தி 'சத்திய சோதனை'யில ஒரு சம்பவம் எழுதியிருக்கார். 1898 வாக்குல டர்பன்ல. வீட்டுல அறைகள்ல கழிவுநீர் போக வழி கிடையாது, அறைக்கு ஒரு சிறுநீர்ச் சட்டி. ஒரு வகையில அன்னிக்குக் கேசட்! வீட்டுல தங்கியிருந்த குமாஸ்தாக்கள்ல ஒருத்தர் கிறிஸ்தவர், பஞ்சமர் பெற்றோருக்குப் பிறந்தவர். புதுசா வந்தவர்ங்கறதால அவர் சட்டியை காந்தியோ கஸ்தூரிபாவோதான் எடுத்தாகணும். கஸ்தூரிபா அழுதுக்கிட்டே எடுத்துட்டு வந்தாங்க. எடுத்தா மட்டும் போதாது, சிரிச்ச முகத்தோட எடுக்கணும்னு காந்தி கத்தி, கையைப் பிடிச்சு கேட் வரைக்கும் இழுத்துட்டுப் போயிட்டார். பிற்பாடு வெட்கப்பட்டு அவரே எழுதினது இது.

எனக்கு இதுல ரெண்டு விஷயம் தெரியுது. யார் சட்டியா இருந்தாலும் எடுக்கணும்ங்கற கொள்கை சரி. அந்தக் கொள்கையை மனைவி கையால, அதட்டி நிறைவேத்தினது சரியில்லை. அதனாலதான் சீட்டுக் குலுக்கணும்ங்கறேன். பொண்ணுங்கன்னு விலக்கும் கிடையாது, பொண்ணுங்கன்னு அவங்க தலையில கட்டறதும் கிடையாது. வண்டியை புக் பண்ணவருக்கும் டர்ன் உண்டு. ஓட்டறவருக்கும் உண்டு.

நம்ம ஊர்ல சட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. மனுஷக் கழிவை மனுஷன் அள்ளறதைத் தடை பண்ணி 1993ல ஒரு சட்டம், 2013ல இன்னும் கடுமையா ஒண்ணு. சாக்கடையில, செப்டிக் டேங்க்ல இறங்கிச் செத்தவங்க குடும்பத்துக்குப் பத்து லட்சம் குடுக்கணும்னு 2014ல உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023ல அதை முப்பது லட்சம் ஆக்கினாங்க. திவ்யபாரதி 2017ல 'கக்கூஸ்'னு ஒரு ஆவணப்படம் எடுத்தாங்க. பார்க்காதவங்க பாருங்க, முழுசா பார்க்க தைரியம் வேணும். இவ்வளவுக்கு அப்புறமும் 'விஷவாயு தாக்கி இருவர் பலி'ன்னு செய்தி வந்துக்கிட்டேதான் இருக்கு.

ஏன் நிக்கலைன்னா, பட்டனை அமுக்கினா போயிடுது, எங்க போகுதுன்னு நமக்குத் தெரிய வேண்டியதில்லைங்கறதும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். கேசட்ல அந்த வசதி கிடையாது. ஆறு பேர், ஒன்றரை நாள், இருபது லிட்டர். எடை கை வழியா தோள் வரைக்கும் தெரியும். 'இது நம்மளோடது, இதை யாராவது எடுத்துத்தான் ஆகணும்'ங்கறது எந்தப் புத்தகம் படிச்சும் எனக்கு இவ்வளவு தெளிவாப் புரிஞ்சதில்லை. அஞ்சு நிமிஷ வேலை சாதியை ஒழிச்சுடும்னு நான் சொல்ல வரல. தல ஒரே நாள்ல புத்தர் ஆயிட்டான்னும் சொல்லல. ஆனா கையுறையைக் கழட்டிட்டு வந்து உட்கார்ந்தப்போ அவன் கேட்ட முதல் கேள்வி, "உங்க பாட்டி பேரு என்னடா?"

அதனால வேன் எடுக்கப் போறவங்களுக்கு என் வேண்டுகோள். ரூட் மேப் போடறதுக்கு முன்னாடி கேசட் வரிசையைப் போடுங்க. "நான் தொட மாட்டேன்"னு யாராவது சொன்னா அவங்ககிட்ட மரியாதையா பஸ் டிக்கெட் விலையைச் சொல்லிடுங்க. அப்புறம் லீவுக்கு ஊருக்குப் போகும்போது, வீட்டுல செப்டிக் டேங்க் நிறைஞ்சிருந்தா நீங்களே முன்னாடி நில்லுங்க. உறிஞ்சு எடுக்கிற லாரியைக் கூப்பிடுங்க. "அடியில கொஞ்சம் கெட்டியா இருக்கு சார், இறங்கி எடுத்துடறேன், ஐநூறு போட்டுக் குடுங்க"ன்னு யாராவது சொன்னா இறங்க விடாதீங்க. உள்ளே இருக்கிற வாயு ரெண்டு மூச்சுல ஆளைச் சாய்ச்சிடும், காப்பாத்த இறங்கறவரையும் சேர்த்து. வந்தவரோட பேரைக் கேளுங்க. முன்வாசல்ல உட்கார வச்சு டீ குடுங்க, நீங்க குடிக்கிற அதே டம்ளர்ல.

பி.கு: கேசட் எடுக்கப் போறவங்களுக்குச் சில டிப்ஸ், அனுபவத்துல சொல்றேன்.

1. விளக்கு எரியற வரைக்கும் காத்திருக்காதீங்க. முக்கால்வாசியிலயே காலி பண்ணிடுங்க. நிறைஞ்ச கேசட்டை உருவறது தைரியசாலிகளுக்கு மட்டும்.

2. ஊத்தும்போது காத்துப் போறதுக்கு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கிக்கிட்டே ஊத்துங்க. இல்லைன்னா 'குபுக்'குனு தெறிக்கும். அதுக்கு மேல விவரம் வேண்டாம்.

3. வெட் வைப்ஸ் போடவே கூடாது. சீக்கிரம் கரையற பேப்பர் தனியா விக்கிறாங்க, அது மட்டும்.

4. டம்ப் ஸ்டேஷன்ல கேசட் கழுவுற குழாய் வேற, குடிதண்ணிக் குழாய் வேற. போர்டைப் படிங்க. படிக்காம பாட்டில் பிடிக்கிறவங்களுக்கு என் அனுதாபங்கள்.

5. முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. அப்புறம் தாராளமா வெங்காயம் நறுக்கலாம்.